அப்பாவின் சொம்பும் அண்ணியின் மிஷினும்

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்துக்கு வந்துவிட்டார் என்று ஞாபகம். பின்கட்டிலிருந்து தடதடவென்று ஒரு சத்தம் கிளம்பி, தாழ்வாரத்தோடு நெருங்கி வந்தது. ஏதாவது பஸ் பாதை தவறி வீட்டுக்குள் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். வந்தது அண்ணியின் வாஷிங் மிஷின்.

தானாகவே வந்தது. இடுப்பளவு உயரம், வெள்ளை எனாமல் பெட்டி, நடுவில் கண்ணாடிக் கதவு. இடது காலைத் தூக்கி, வலது காலைத் தூக்கி, சிமெண்டுத் தரையில் நேராக அப்பாவை நோக்கி நடந்தது. பின்னாலேயே அண்ணி, கட்டை அவிழ்த்துக்கொண்ட மாட்டை அதட்டுவதுபோல, "நில்லு, நில்லு" என்று ஓடி வந்தார்.

வயர் நீளம் தீர்ந்து, பிளக் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அது நின்றது. நிற்கும்முன் கடைசியாக ஓர் உதறு உதறியது. இலைக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைச் சொம்பு சாய்ந்து, தண்ணீர் மொத்தமும் ரசம் சோற்றில் கொட்டியது.

அப்பா இலையைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். அண்ணியைப் பார்க்கவில்லை. எதிரில் இருந்த தூணைப் பார்த்துச் சொன்னார்:

"வர்ற ஞாயித்துக்கிழம பழைய இரும்புக்காரரு வர்றாரு. இத வண்டியில ஏத்தி அனுப்பிடணும்."

கோபம் வந்தால் அவர் தூணிடம்தான் பேசுவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. நினைத்தது தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிழிய வராது

போன வாரம் எங்கள் திண்டிவனத்து வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "பெண் வாசனையே இல்லாத வீடா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆமாம் அம்மா, பல வருஷம் அப்படித்தான் இருந்தது. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்பா, அண்ணன், நான் என்று மூன்று வேட்டிகள் மட்டும். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அண்ணனுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எண்ணெய் ஆட்டும் மில்லில் வேலை. நான் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்.

அண்ணி புதுச்சேரிக்காரர். பெயர் சரோஜா. அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து, சைகோனில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். பெண் பார்க்கப் போன அன்றே, காபி வருவதற்கு முன்னாலேயே, அவர் எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

"பொண்ணுக்கு எல்லா வேலயும் தெரியுங்க. துணி பிழிய மட்டும் வராது."

சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து அண்ணிக்கு இடது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. கட்டுப் போட்டவர் கோணலாகப் போட்டுவிட்டார். கை எல்லாம் செய்யும். முறுக்க மட்டும் முறுக்காது. ஈரத் துணியைப் பிடித்துத் திருகினால் பாதியில் நின்றுவிடும்.

அப்பா யோசித்தார். பிறகு, "பிழியலன்னா இன்னா, வெயிலு காய வச்சிட்டுப் போவுது" என்றார். சம்பந்தம் முடிந்தது.

ஆனால் அந்தப் பட்டாளத்துக்காரர் விடவில்லை. கல்யாணமான மாதம் ஒரு வேனில் இந்த மிஷின் வந்து இறங்கியது. துவைத்து, அதுவே சுற்றிச் சுற்றிப் பிழிந்தும் கொடுத்துவிடும். பண்டம் பாத்திரத்தோடு சீர் வந்து பார்த்திருக்கிறோம், மணிக்கட்டைச் சீராக அனுப்பிய தகப்பனை அதுவரை நான் பார்த்ததில்லை.

தெருவே வந்து பார்த்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அப்பாவின் வேட்டி புரள்வதை ஒரு வாரம் வரைக்கும் வேடிக்கை பார்த்தார்கள். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் கூச்சம், நிறையப் பெருமை.

மிஷின் மூன்று வருஷம் நன்றாக ஓடியது. நான் சொல்லும் இந்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணியின் அப்பா காலமாகி ஆறேழு மாதம் ஆகியிருந்தபோது வந்தது.

ஆயுத பூஜை

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இரும்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு எண்ணெய் உண்டு. ஏர்க்கொழு, கிணற்று ராட்டினம், வண்டிக் கடையாணி, அரிவாள்மணை, பூட்டு எல்லாவற்றுக்கும் ஆயுத பூஜைக்கு முதல்நாள் எண்ணெய் போட்டாக வேண்டும். எண்ணெய் இல்லாமல் ஒரு சாமானைச் சந்தனம் குங்குமத்துக்கு உட்கார வைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டாமல் கல்யாணத்துக்குக் கூட்டிப்போவது போல.

ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளை மண்டகப்பட்டுக் குகைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பல்லவ ராஜா குடைந்தது என்று வந்து அப்பாவிடம் சொன்னேன். "அப்ப எண்ண போட்ற வேலயே இல்ல" என்றார். அதுதான் எங்கள் வீட்டு ஞானம்.

அந்த வருஷம் பூஜைக்காக அண்ணி மிஷினின் பின்தகட்டைக் கழற்றித் துடைத்து வைத்திருந்தார். உள்ளே பார்த்தேன். துணி சுற்றும் பெரிய தொட்டி மேலே ஸ்பிரிங்குகளில் தொங்கியது. கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு குழாய்க்குள் போய்ப் போய் வரும்படி. கம்பிகள் இரண்டும் வறண்டு கிடந்தன. ஐயோ பாவம், மூன்று வருஷமாக இதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட யாரும் இல்லையே என்று மனசு இளகியது. அண்ணியின் தையல் மிஷின் எண்ணெய்க் கிண்ணியை எடுத்து, யாரும் பார்க்காதபோது இரண்டு குழாயிலும் தாராளமாக விட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்ப் பொரிகடலை சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மிஷின் ஆட ஆரம்பித்தது. அதற்கும் அடுத்த வாரம் நடந்தது.

வாத்தியாருக்குக் கணக்குப் போடத் தெரியாதா? தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அப்பா மிஷினின் தலையில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தபோதும் திறக்கவில்லை. அண்ணன் அதைத் தாம்புக்கயிற்றால் தூணில் கட்டியபோதும் திறக்கவில்லை. கயிற்றைப் பிடித்து உதவி வேறு செய்தேன். கயிறு அறுந்த அன்றைக்குத்தான் அது அப்பாவின் இலைக்கு வந்தது.

மிஷின் ஓடாத நாட்களில் அண்ணி கையால் துவைத்தார். நாங்கள் பிழிகிறோம் என்றால் விடவில்லை. "ஆம்பளைங்க பிழிஞ்சி நான் காயப்போட்டா, அப்புறம் எங்கப்பா சொன்னது ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றார். பிழியாத வேட்டிகள் கொடியில் கனத்துத் தொங்கி நாளெல்லாம் சொட்டின. கொல்லை சேறானது. அடுத்த வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி, "இன்னா சரோஜா, உங்க வூட்ல மட்டும் மழையா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அண்ணி உள்ளே வந்து கொல்லைக் கதவைச் சாத்தினார்.

அண்ணி கேட்ட தவணை

அப்பா தூணிடம் தீர்ப்புச் சொன்ன அந்த மத்தியானத்துக்கே திரும்புகிறேன்.

அண்ணி சாய்ந்த சொம்பை நிமிர்த்தி வைத்தார். இலையை எடுத்தார். வேறு இலை போட்டுச் சோறு பரிமாறினார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"மாமா, ஞாயித்துக்கிழமைக்குள்ள நானே சரி பண்ணிட்றேன். முடியலன்னா நானே ஏத்தி வுட்றேன்."

அப்பா மறுபடி தூணைப் பார்த்தார். "இந்தச் சொம்புல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி அது தலமேல வைப்பேன். அது சுத்தும்போது ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்தினா வண்டியில ஏத்திடுவேன்."

"சரிங்க மாமா."

மறுநாள் அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிஷினைச் சாய்க்கச் சொல்லி, அடியில் படுத்து, அந்த இரண்டு குழாய்களையும் கழற்றிவிட்டார். ஸ்பானர் பிடித்தது வலது கை, முட்டுக் கொடுத்தது கோணல் கை. நான் பக்கத்தில் நின்று "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்னால் ஆன ஒத்தாசை அவ்வளவுதான்.

இரண்டையும் பழந்துணியில் சுற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினோம். அங்கே ரயிலடிக்குப் பின்பக்கம் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப். கோதண்டம் என்று ஒரு மெக்கானிக், பக்கத்துக் கெடார் கிராமத்துக்காரர். பஸ்ஸின் வயிற்றுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, "இன்னாம்மா அது, வெடிகுண்டா?" என்று கேட்டார்.

கோதண்டத்தின் மூக்கு

கோதண்டம் கம்பியைக் குழாய்க்குள் விட்டு இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

"இது ஷாக் அப்சர்பரும்மா. பஸ்ஸுக்கு இருக்குதே, அதோட கொழந்த. தொட்டி ஆடும்போது இது கெட்டியாப் புடிச்சிக்கினு, ஆட்டத்தத் தின்னணும். உள்ள கம்பளி வளையம் ஒண்ணு இருக்கும், பாருங்க." குழாயின் வாயை நெம்பி வளையத்தை வெளியே எடுத்தார். தேய்ந்து, ஊறி, சொதசொதவென்று வந்தது. "தேஞ்சிதான் பூட்டுது. ஆனா தேஞ்சதால மட்டும் இவ்ளோ பேஜாரு வராது."

வளையத்தை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"யாரோ எண்ண ஊத்திக்கிறாங்கம்மா. பிரேக்குல எண்ண ஊத்தினா பஸ்ஸு நிக்குமா?" மறுபடியும் முகர்ந்தார். "அதுவும் ஒரு எண்ண இல்ல. மிஷின் எண்ண இருக்குது, மல்லாட்ட எண்ண இருக்குது, வெளக்கெண்ண இருக்குது. இன்னாம்மா, இதுல தாளிச்சிக்கினு இருந்தீங்களா?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் விட்டது ஒன்று. மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்று குழம்பி நிற்கையிலேயே அண்ணியின் குரல் கேட்டது.

"நான்தாங்க ஊத்தினேன். தெரியாம."

சட்டென்று, கூசாமல் சொன்னார். கோதண்டம் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, மண்ணெண்ணெயில் குழாய்களைக் கழுவி, சைக்கிள் பம்புக்குப் போடும் தோல் வாஷர்களை உள்ளே திணித்து மூடிக் கொடுத்தார். எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்வரைதான் பொறுத்தேன்.

"அண்ணி, மிஷின் எண்ண ஊத்தினது நான்தான்."

"தெரியும் தம்பி."

"எப்படி?"

"தையல் மிஷின் கிண்ணி காலியா இருந்துச்சி. உங்க அண்ணன் சட்டப் பையில மல்லாட்ட எண்ண பாட்டிலு மூடி கெடச்சிச்சி. மாமா துண்டுல கருப்பா வண்டி அச்சுக்குப் போட்ற மை, வெளக்கெண்ண வாசன. மூணு தடவ சோப்பு போட்டுட்டேன், போவல."

மூன்று பேர்! ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், பூஜைக்கு முதல்நாள், அந்தப் பின்தகட்டுக்குள் கையை விட்டிருக்கிறோம்.

"அப்பாவுமா? அப்புறம் ஏன் அதைப் பழைய இரும்புக்கு அனுப்பணும்கிறாரு?"

"அவருக்கும் தெரிஞ்சிருக்கும். அதான் தூணப் பாத்துப் பேசறாரு. கோவம்னா ஆள நேராப் பாத்தே திட்ட மாட்டாரா உங்கப்பா?"

யோசித்துப் பார்த்தேன். என்னை அவர் ஒருநாளும் தூணைப் பார்த்துத் திட்டியதில்லை.

"நீங்க ஏன் அண்ணி யார்கிட்டயும் சொல்லல? இப்பகூடப் பழிய நீங்களே ஏத்துக்கினீங்களே?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேத்து வூட்டுச் சாமானுக்கு யாரு தம்பி எண்ண போடுவாங்க? மூணு பேரும் அத நம்ம வூட்டுதுன்னு நெனச்சிதான போட்டீங்க. அதுக்குப் போயி எப்படிக் கோச்சிக்கிறது?"

என் வாழ்க்கையில் நிறையப் பேரை மதித்திருக்கிறேன். பெரிய படிப்பாளிகள், மேடையில் முழங்கியவர்கள், பதக்கம் வாங்கியவர்கள். அந்த பஸ்ஸில் அண்ணியை மதித்ததுபோல யாரையும் மதித்ததில்லை. இதை அவரிடம் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

பட்டாளத்துக் கோட்டு

தோல் வாஷர் வேலைக்கு ஆகவில்லை. வெள்ளிக்கிழமை மாட்டி ஓட்டினோம். மிஷின் நடக்கவில்லை, ஆனால் கிரீச் கிரீச்சென்று கத்தியது; பிடித்துப் பிடித்து விட்டதில் பெட்டியே உதறியது. மேலே வைத்த சொம்பில் பாதித் தண்ணீர் காலி. நல்லவேளை, அப்பா நிலத்துக்குப் போயிருந்தார்.

"கம்பளி போட்டவன் காரணமாத்தான் போட்ருக்கான்" என்றார் அண்ணி. ஆனால் திண்டிவனத்து வெயிலில் கம்பளிக்கு எங்கே போவது?

அன்று சாயங்காலம் அண்ணி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு கோட்டை எடுத்தார். அவருடைய அப்பாவின் பட்டாளத்துக் கம்பளிக் கோட்டு. காக்கியும் பச்சையும் கலந்த நிறம், கையில் தூக்கினால் ஆட்டுக்குட்டி கனம். அவர் செத்த பிறகு அண்ணி கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள் அதுதான்.

"அண்ணி, வேணாம்" என்றேன். அண்ணனும் "வேணாம் சரோஜா, வேற பாத்துக்கலாம்" என்றார்.

அண்ணி கோட்டை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவினார். பிறகு தையல் கத்திரியை எடுத்து கோட்டின் இடது கையைத் தோளோடு வெட்டினார்.

"பொட்டியில இருந்தா பூச்சி தின்னும். அங்க இருந்தா வேல செய்யும்."

அதோடு நிற்கவில்லை. கல்யாணமான புதிதில் அண்ணி ஒரு கம்பளிச் சட்டையைச் சுடுதண்ணீரில் போட்டு, பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருக்கிவிட்டார். அப்போது மூன்று நாள் அழுதவர், இப்போது அதையே வேண்டுமென்று செய்தார். கோட்டுக் கையை அண்டாவில் சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்தார். கொதிக்கக் கொதிக்கக் கம்பளி இறுகி, தடித்து, செருப்பின் அடித்தோல் போலக் கெட்டியானது.

வெளியே எடுத்ததும் தண்ணீர் சொட்டியது. அதைப் பிழிய வேண்டும். பிழிகிற மிஷின் பிரித்துக் கிடந்தது.

அண்ணி எங்களைப் பார்த்தார். கல்யாணமான மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டார்.

"கொஞ்சம் பிழிஞ்சி குடுங்க."

அண்ணன் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனை. ஆளுக்கொரு பக்கம் முறுக்கினோம். தேர்வடம் இழுத்ததுபோலத் தோள் வலித்தது. தாழ்வாரத்து மூலையில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காய்ந்த கம்பளியில் அண்ணி வளையம் வெட்டினார். இழுத்தால் இறுக்கமாக, ஆனால் முனகாமல் வரவேண்டும். முதல் வளையம் தளர்ந்தது, தூக்கிப் போட்டார். இரண்டாவது சிக்கியது, ஓரம் சீவினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும்போது இரண்டு குழாயிலும் கம்பி, உறவுக்காரன் விடைபெறுவது மாதிரி, மெள்ள மெள்ளப் போனது.

ஞாயிற்றுக்கிழமை

பழைய இரும்புக்காரர் காலையிலேயே வண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். அப்பா அவரை இருக்கச் சொன்னார்.

மூன்று வேட்டிகளைப் போட்டுத் துவைத்தாயிற்று. இனிப் பிழிகிற சுற்று. அப்பா சொன்னபடியே சொம்பில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, தானே கொண்டுவந்து மிஷினின் தலையில் வைத்தார். அண்ணி சுவரோரம் நின்றார். கோணல் மணிக்கட்டை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

மிஷின் சுற்ற ஆரம்பித்தது. சொம்புத் தண்ணீரில் சின்ன வளையங்கள் தோன்றின. வேகம் ஏறியது. மிஷின் நின்ற இடத்தில் நின்றது. உள்ளே தொட்டி குதிப்பதும், கீழே அந்தக் கோட்டுக் கை அதைப் பிடித்து அடக்குவதும் எனக்குக் காலடியில் தெரிந்தது. உச்ச வேகம். தண்ணீர் நடுங்கியது, தாங்கியது. முடியப்போகிறது என்று மூச்சு விட்டேன்.

வேகம் குறையும் நேரத்தில் மிஷின் ஒரே ஒரு தரம் தூக்கிப் போட்டது. சொம்பின் விளிம்பைத் தாண்டி ஒரு கோடு தண்ணீர் இறங்கி, வெள்ளை எனாமலில் நின்றது.

எல்லாரும் பார்த்தோம். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் இரும்புக்காரர் எழுந்தார்.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். குனிந்து அந்த ஈரத்தை ஒரே துடைப்பில் துடைத்தார். சொம்பையும் சுற்றித் துடைத்தார்.

"சிந்தல" என்றார்.

வாசல் பக்கம் திரும்பி, "நீ போய்ட்டு வாப்பா" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு தூணைப் பார்க்காமல், அண்ணியை நேராகப் பார்த்தார். கையிலிருந்த துண்டை நீட்டினார். அதன் ஓரத்தில் இன்னும் கருப்பாக ஒரு கறை இருந்தது.

"இதையும் உள்ள போடும்மா. ஆயுத பூஜையில இருந்து வெளக்கெண்ண வாசன போவ மாட்டேங்குது."

அண்ணி துண்டை வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்தார்.